ஐம்பது டாலர் சுருதிப் பெட்டி

இன்றைக்கு வீட்டுக்கு வீடு, ஏன், ஆளுக்கு ஆள் கம்ப்யூட்டர் இருக்கிறது. கையில் வைத்திருக்கும் செல்போனே ஒரு கம்ப்யூட்டர்தான் என்கிறார்கள் என் பிள்ளைகள். "உங்க வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் எப்பம்மா வந்துச்சு?" என்று ஒரு நாள் என் மகள் கேட்டாள். "1983-ல" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள், போனில் போட்டோ அனுப்பக்கூட மகளைக் கூப்பிடுகிறவள், 1983-ல் கம்ப்யூட்டர் வைத்திருந்தாளாம்!

நிஜம்தான் தோழிகளே. அதுவும் சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை. கடையில் விலை போகாமல், தயாரித்த கம்பெனியே கைவிட்டுவிட்ட கம்ப்யூட்டர்! ஆனால் எங்கள் வீட்டில் அது செய்த உபகாரத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பாவுக்கு எண்ணெய்க் குழாய் போடும் ஒரு கம்பெனியில் இஞ்சினீயர் வேலை. மூன்று வருஷம் அமெரிக்காவில் இருக்கும்படி அனுப்பினார்கள். 1983 ஜூன் மாதம் திருச்சியிலிருந்து கிளம்பி, டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு ஆறு வயது. அண்ணனுக்குப் பத்து. அம்மாவுக்கு இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ.

வெயில் மட்டும் நம்ம திருச்சி மாதிரியே இருந்தது. மற்றதெல்லாம் வேறு. அப்பா காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் இரவுதான் வருவார். நாங்கள் இருவரும் ஸ்கூலுக்குப் போய்விடுவோம். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பத்தாவது வரை படித்தவள் என்றாலும் அங்கே பேசுகிற இங்கிலீஷ் காதில் ஏறவில்லை. அடுத்த வீட்டுக்காரி "ஹலோ" சொன்னால் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போவதுதான் ஒரே ஆறுதல்.

அம்மா பாட்டுக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் முறையாகப் பாட்டு கற்றவள். ஊரில் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துத் துருத்தியை அழுத்திக்கொண்டே தினமும் காலையில் பாடுவாள். விமானத்தில் எடைக் கட்டுப்பாடு என்று சொல்லி அந்தப் பெட்டியைப் பாட்டி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். அத்தோடு அம்மாவின் பாட்டும் நின்றது. "சுருதி இல்லாம என்னத்தப் பாடறது?" என்பாள். அவள் பாடாமலிருந்தது எனக்கு ஆறு வயதிலேயே என்னவோ போலிருந்தது.

கைவிட்ட சரக்கு!

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சமயம். அப்பா ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். திறந்தால் கறுப்பும் வெள்ளியுமாக, டைப்ரைட்டர் மாதிரி ஒரு சாமான்.

"என்னங்க இது?"

"கம்ப்யூட்டர். டி.வி.யில மாட்டிக்கலாம். பசங்களுக்கு நல்லது."

"எவ்வளவு?"

"ஐம்பது டாலருக்கு அஞ்சு சென்ட் கம்மி."

அன்றைக்கு ஒரு டாலர் சுமார் 10 ரூபாய். அம்மா எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காமல் விடமாட்டாள். "ஐநூறு ரூபாயா! இந்தக் காசுக்கு ஊர்ல என்னென்ன வாங்கலாம்! அதுவும் எதுக்கு இவ்வளவு மலிவா தர்றான்? ஏதோ கோளாறு இருக்கு" என்றாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. அதன் பெயர் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 99/4ஏ. 1979-ல் இதற்கு முந்தைய 99/4 மாடல் வந்தபோது, கலர் திரையோடு சேர்த்து 1,150 டாலர் விலை. 1981-ல் இந்த 99/4ஏ வந்தது. விலை 525 டாலர். அப்போது கமடோர் என்ற கம்பெனியோடு விலைப் போட்டி ஆரம்பித்தது. அவர்கள் குறைக்க இவர்கள் குறைக்க, 1983-ல் 100 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. விற்க விற்க நஷ்டம்! அந்த வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மூன்று மாதத்தில் மட்டும் கம்பெனிக்கு 11 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கடைசியில் 1983 அக்டோபர் 28-ம் தேதி, "வீட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரமே வேண்டாம்" என்று அறிவித்துவிட்டார்கள். மிச்சமிருந்ததைக் கடைகள் கிறிஸ்துமஸுக்குத் தள்ளுபடியில் தள்ளிவிட்டன. அதில் ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள்கூட, "கைவிட்ட மாடலைப் போய் வாங்கினாயா?" என்று கேலி செய்தார்களாம்.

ஏன் தோற்றது என்பதை அண்ணன் பின்னாளில் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். அதன் மூளை 16-பிட் மூளை. அந்தக் காலத்தில் மற்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பெரும்பாலும் 8-பிட்தான். ஆக, அடுப்பு பெரிய அடுப்பு. ஆனால் ஞாபகசக்திக்கு இருந்த 16 கே.பி. நினைவகம், மூளையோடு நேராக ஒட்டாமல், படம் காட்டும் சில்லு வழியாகத்தான் கிடைக்கும். அரிசி பருப்பையெல்லாம் அடுத்த வீட்டில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பிடியாகப் போய் வாங்கி வந்து சமைக்கிற கதை! அதனால் ரொம்ப மெதுவாக வேலை செய்யும். போதாக்குறைக்கு, வெளியார் இதற்கு விளையாட்டுகளும் புரோகிராம்களும் எழுதி விற்பதைக் கம்பெனி ஊக்குவிக்கவில்லை. கூடுதல் சாமான்களின் விலையும் அதிகம். இத்தனைக்கும் மொத்தத்தில் சுமார் 28 லட்சம் பெட்டிகள் விற்றிருக்கின்றன. விற்றும் தோற்றதுதான் அதிசயம்.

"ஆமா" என்ற கம்ப்யூட்டர்

டி.வி.யோடு இணைத்துப் பொத்தானைத் தள்ளினால் "பீப்" என்று ஒரு சத்தம். திரையில் கலர் கலராகக் கட்டங்கள். ஒரு சாவியைத் தட்டி, பிறகு 1 என்று அடித்தால் பேசிக் என்ற பாஷை வரும். பெட்டியோடு ஓர் ஆரம்பப் பாடப் புத்தகமும் கொடுத்திருந்தார்கள். குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு படியாக, அவ்வளவு பொறுமையாக எழுதியிருப்பார்கள். அப்பா இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் சொல்லிக் கொடுப்பார். ஸ்கூல் பாடம் முடிந்தால்தான் கம்ப்யூட்டர். அதுவும் ஒரு மணி நேரம்தான். இது அம்மா போட்ட சட்டம்.

தப்பாக அடித்தால் திட்டாது. "வாக்கியம் சரியில்லை" என்று ஒரு வரி காட்டிவிட்டு, மறுபடி அடிக்கக் காத்திருக்கும். புது ஸ்கூலில் வாயைத் திறக்கவே பயந்துகொண்டிருந்த எனக்கு அது எத்தனை பெரிய நிம்மதி தெரியுமா? எத்தனை தடவை தப்புப் பண்ணினாலும் சிரிக்காத ஒரே ஆள் அதுதான்!

1984 கோடையில், யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது, அதற்கான பேசும் பெட்டியையும் அதோடு சேரும் கார்ட்ரிட்ஜையும் அப்பா மலிவாக வாங்கி வந்தார். இங்கிலீஷ் எழுத்தில் எதை அடித்தாலும் மூக்கடைத்த குரலில் வாசிக்கும். அண்ணன் "வணக்கம்" என்று அடித்தான். "வே-நா-காம்" என்றது. நான் "அம்மா" என்று அடித்தேன். "ஆமா" என்றது!

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன சொல்லுது?"

"உன்னைக் கூப்பிடச் சொன்னா, ஆமாங்குதும்மா!"

"பரவாயில்லையே! இந்த வீட்ல நான் சொல்றதுக்கு ஆமாங்கறது இது ஒண்ணுதான்" என்றாள். அப்பா உட்பட எல்லோரும் சிரித்தோம். ஹூஸ்டன் வந்த பிறகு அம்மா அப்படி வேடிக்கை பேசியது அன்றைக்குத்தான்.

ச எவ்வளவு? ப எவ்வளவு?

ஓசை எழுப்ப "கால் சவுண்ட்" என்று ஒரு கட்டளை உண்டு. எவ்வளவு நேரம், எந்த அலைவரிசை, எவ்வளவு சத்தம் என்று மூன்று எண்கள் கொடுக்க வேண்டும். எந்தச் சுரத்துக்கு எந்த எண் என்று புத்தகத்தின் பின்பக்கத்தில் அட்டவணை இருந்தது. ஒரு நாள் அப்பா வரிசையாக 262, 294, 330, 349, 392, 440, 494, 523 என்று கொடுத்து ஓட விட்டார்.

கரண்டியும் கையுமாக அம்மா ஓடி வந்தாள். "இது சங்கராபரணம்ல!"

அப்பாவுக்கு ராகம் தெரியாது. "அப்படியா?" என்றார்.

"ச எவ்வளவு? ப எவ்வளவு? மேல் ச எவ்வளவு?" அம்மா அடுக்கினாள். 262, 392, 523 என்று சொன்னார். அம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "கீழ் ச-வை ரெட்டிச்சா மேல் ச. ச-வோட அதுல பாதியைச் சேர்த்தா ப. ஒண்ணு ரெண்டு முன்னே பின்னே இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, மூணையும் சேர்ந்தாப்பல ஊதுமா?"

ஊதும்! ஒரே சமயத்தில் மூன்று சுரங்கள் வரை அந்தக் கம்ப்யூட்டரால் எழுப்ப முடியும். ஆனால் ஒரு தடவைக்கு நாலேகால் செகண்டுக்கு மேல் நீடிக்காது. அதனால் திரும்பத் திரும்ப அதே வரிக்குப் போகச் சொல்ல வேண்டும். அம்மாவின் சுருதி ஐந்து கட்டை. அட்டவணையில் அதற்கு 196. அம்மா கணக்கைச் சொல்ல, அப்பா எழுதிய புரோகிராம் மூன்றே வரிதான்:

10 எஸ் = 196
20 கால் சவுண்ட் (4000, எஸ், 2, எஸ்+எஸ்/2, 2, எஸ்+எஸ், 2)
30 கோ டு 20

4000 என்றால் நாலு செகண்ட். ஒவ்வொரு எஸ்-க்கும் பின்னால் வரும் 2, சத்தத்தின் அளவு. 30-வது வரி மறுபடி 20-க்கே அனுப்பிவிடும். நிறுத்துகிற வரை ச-ப-ச என்று சுருதி ஓடிக்கொண்டே இருக்கும்.

தம்பூரா நாதம் என்று சொல்ல முடியாது. வண்டு ரீங்காரம் மாதிரி இருக்கும். ஆனால் சுருதி சுத்தம். அம்மா கண்ணை மூடி "ச..." என்று சேர்த்தாள். குரல் கம்மியது. ஒரு வருஷத்துக்கு மேல் பாடாத தொண்டை! மறுபடி சேர்த்தாள். மூன்றாம் தடவை சேர்ந்துவிட்டது. அப்பா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். குழம்பு தீய்ந்துபோயிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் புரோகிராமை அடித்துக் கொடுப்பது என் வேலை. அம்மா சாவிகளைத் தொடவே மாட்டாள். "எனக்கெதுக்கு, எதையாவது கெடுத்துடுவேன்" என்பாள்.

கொலுவில் நடந்தது

அந்த வருஷம் நவராத்திரிக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே வேட்டியை விரித்துச் சின்னதாகக் கொலு வைத்தோம். டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலையில் சுண்டல். கோயிலில் பழக்கமான நாலைந்து குடும்பத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். "நீங்க பாடுவீங்களாமே, பாடுங்க!" என்றார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை பேர் முன்னால் கம்ப்யூட்டர் ஓட்டப் போகிறேன்!

அதில் ஒரு சங்கதி உண்டு. ஷிஃப்ட் சாவியோடு சமக்குறிச் சாவியைத் தட்டினால் கூட்டல் குறி வரும். ஷிஃப்டுக்குக் கீழேயே இன்னொரு விசேஷச் சாவி. அதைப் பிடித்துக்கொண்டு அதே சமக்குறியைத் தட்டினால், எழுதியது அத்தனையும் போய் முதல் திரைக்கே திரும்பிவிடும். அப்பா ஆயிரம் தடவை எச்சரித்திருந்தார். பதற்றத்தில் என் விரல் கீழே இறங்கிவிட்டது. பழையபடி கலர் கட்டங்கள்! மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே தப்பு. மூன்று வரிதானே என்று டேப்பில் பதிந்து வைக்கவும் இல்லை. அப்பா ஆபீஸிலிருந்து வரவில்லை. அண்ணன் சிநேகிதன் வீட்டில். வந்தவர்கள், "பரவாயில்லைம்மா, சும்மாவே பாடட்டும்" என்று சொல்லச் சொல்ல எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா எழுந்து வந்தாள். குங்குமம் படிந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என்னை நகர்த்தி உட்கார்ந்து, ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். தினமும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது வீண்போகவில்லை. கூட்டல் குறி வந்தபோது மட்டும் விரலை நிறுத்தி, "மேலே இருக்கறதுதானே?" என்று என்னிடம் கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். மூன்று வரியும் முடித்து ஓடவிட்டாள். சுருதி வந்தது.

அன்றைக்கு அம்மா நாலு பாட்டு பாடினாள். கடைசியில் ஒரு மதுரைக்காரர், "என் பொண்ணுக்குப் பாட்டு சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து பிள்ளைகள். சுருதிக்கு அதே டி.வி., அதே கம்ப்யூட்டர். போட்டது அம்மாதான். பிள்ளைகளைக் கூட்டி வரும் தாய்மார்களோடு பழகிப் பழகி இங்கிலீஷும் வந்தது. ஊர் திரும்புவதற்குள் கார்கூட ஓட்டினாள்!

பரணில்

1986-ல் திருச்சிக்குத் திரும்பினோம். கம்ப்யூட்டரும் புடவையில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. அங்கே கரண்ட் 110 வோல்ட், இங்கே 230. அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியாயிற்று. ஆனால் அமெரிக்க டி.வி. முறை வேறு, நம் ஊர் முறை வேறு. படம் நிற்காமல் உருண்டது. ஓசை வரவே இல்லை. நாலு நாள் போராடிவிட்டு அப்பா பரணில் ஏற்றினார். பாட்டி வீட்டிலிருந்து பழைய சுருதிப் பெட்டி திரும்பி வந்துவிட்டதால் அம்மாவுக்குக் குறையில்லை. "நன்றி மறக்கக் கூடாது, தூக்கிப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அப்பா 2011-ல் காலமானார். பெட்டி இன்னும் அந்தப் பரணில்தான் இருக்கிறது.

போன நவராத்திரிக்கு அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தாள். எழுபது வயது தாண்டிவிட்டது. இந்தக் கதையைக் கேட்ட என் மகள், தன் லாப்டாப்பில் எதையோ தேடித் திறந்தாள். பழைய கம்ப்யூட்டர்களைப் போலவே அச்சாக நடிக்கும் புரோகிராம்கள் இப்போது இருக்கின்றனவாம். அதே "பீப்". அதே கலர் கட்டங்கள். நான் அந்த மூன்று வரியைச் சொல்ல, அவள் அடித்தாள். அதே வண்டு ரீங்காரம்!

அம்மா ச சேர்த்துப் பார்த்தாள். மேலே எட்டவில்லை. "ஐந்து கட்டை இப்ப முடியாதும்மா. நாலு கட்டைக்கு இறக்கு" என்றாள்.

"அதுக்கு என்ன நம்பர் பாட்டி? இருங்க, தேடிப் பார்க்கிறேன்."

"தேட வேண்டாம். நூத்தி எழுபத்தஞ்சு. பத்தாவது வரியில மட்டும் மாத்து. மத்ததை அதுவே கூட்டிக்கும்" என்றாள் அம்மா.

என் மகள் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறாள். பாட்டியை அவள் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. வீட்டுக்குப் புதிதாக ஒரு சாமான் வந்தால், "அது அவருக்கு, அது பசங்களுக்கு, எனக்கெதுக்கு?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருங்கள். அதில் உங்களுக்கு என்ன வேலை ஆகும் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்தக் கம்ப்யூட்டரைத் தயாரித்தவர்கள் அதைச் சுருதிப் பெட்டியாக நினைத்திருக்கவே மாட்டார்கள். அதைக் கண்டுபிடித்தது கரண்டியும் கையுமாக ஓடி வந்த, பத்தாவது படித்த ஒரு குடும்பப் பெண்தான்.

இதை எழுதி முடித்த கையோடு, போனில் போட்டோ அனுப்புவது எப்படி என்று மகளிடம் கற்றுக்கொண்டேன். முதல் போட்டோ அம்மாவுக்குத்தான் போனது: பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிய அந்தப் பெட்டி!